சிவப்பும் பச்சையும் சேர்ந்தா மஞ்சள்

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். பயம்னு நெனைக்காதீங்க. பேரைச் சொன்னா அதுவும் அவருக்கு ஒரு விளம்பரமாப் போயிடும், அந்தப் புண்ணியம் எனக்கு வேணாம். மாஸ்டர்னே வெச்சுக்குவோம். கிள்ளான்லேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் அரிசிக்கோலம் போடறவங்ககிட்ட மாஸ்டர்னு சொன்னா அவர் ஒருத்தர்தான்.

தீபாவளி வந்துட்டா நம்ம மலேசியா மால்கள்ல நடுக்கூடத்துல அரிசிக்கோலம் போடறது எல்லாரும் பாத்த விஷயம்தான். அரிசியில சாயம் ஏத்தி, காயவெச்சு, பிடி பிடியா கொட்டி மயிலும் தாமரையும் விளக்குமா நிறைச்சு விடுவோம். கிட்ட நின்னா வெறும் அரிசி. மேல் மாடிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தாத்தான் மயில் மயிலாத் தெரியும். கோலம் போடற எங்க கூட்டத்துக்கு அவர் தலைவர். நான் சாயம் ஏத்தறவ. மத்த நாள்ல பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பிரிண்டிங் கடையில டிசைனர். கல்யாணப் பத்திரிகை, கோயில் பேனர், காதுகுத்து பேனர், எல்லாம் என் கைதான். கலர்தான் எனக்குச் சோறு போடுது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா அவர் கை வெச்சது அதுலதான்.

மாஸ்டர் எப்பவும் கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவுலதான் வருவார். நாங்கல்லாம் முழங்கை வரைக்கும் சாயமா நிக்கிற எடத்துல அந்த ஜிப்பாவுல ஒரு பொட்டுக் கலர் படாது. அரிசியைத் தொட்டாத்தானே படும்? கையில ஒரு டேப்லெட். பச்சைக் குழந்தையைத் தூக்கற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வருவார். டிசைன் அதுலதான் இருக்கும். யாராவது எதையாவது கேட்டா அதைப் பாத்துக்கிட்டே ஒரே பதில்: "ஸ்கிரீன்ல பாத்தேன். கரெக்டா இருந்துச்சு."

ஒண்ணு ஒத்துக்கணும். சாக்பீஸை எடுத்துத் தரையில குனிஞ்சார்னா மயிலோட கழுத்து ஒரே இழுப்புல வந்துடும். அழிக்கவே மாட்டார். அதைப் பாக்கறதுக்காகவே கூட்டத்துல சேர்ந்தேன். வயிறெரிஞ்சுதான் சொல்றேன், அந்தக் கோடு அழகுதான்.

ஆனா மனுஷன்? அவருக்கு ஒரு வியாதி. தான் பண்ண தப்புக்கு அடுத்தவங்களை மன்னிக்கிற வியாதி.

முதல் தடவை அதை நான் பாத்தது பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சாப்பாட்டுக் கடையில. தே தாரேக், நுரை பொங்க ஆத்தின டீ, வந்து மேசை நடுவுலதான் இருந்துச்சு. இவர் டேப்லெட்டைத் திருப்பி எங்களுக்குத் தாமரை காட்டறேன்னு திருப்பினதுல கிளாஸ் சாய்ஞ்சு மொத்தமும் மேசையில. எல்லாரும் பாத்தோம். தமிழ்நாட்டுலேர்ந்து வேலைக்கு வந்த ஒரு அண்ணன் துணியோட ஓடி வந்தார். மாஸ்டர் அவரைப் பாத்து, "ஏம்பா, கிளாஸை இங்கதான் வெப்பாங்களா?"ன்னார். அந்த அண்ணன் பாவம், "சாரிங்க பாஸ்"னு சொல்லிக்கிட்டே தொடைச்சார். மாஸ்டர் முகத்துல ஒரு சாந்தம் வந்துச்சு பாருங்க, அடடா! "பரவால்லப்பா, மன்னிச்சுட்டேன்." அந்த அண்ணன் உள்ள போற வரைக்கும் கருணையோட பாத்துக்கிட்டே இருந்தார்.

எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. ஆனா நமக்கென்னன்னு விட்டுட்டேன்.

இன்னொரு தடவை கூட்டமா வேன்ல பத்துமலைக்குப் போனோம். வண்டி ஓட்டினது மாஸ்டர். பக்கத்துல அவர் சம்சாரம், எங்களுக்கெல்லாம் அக்கா. "இங்க திரும்பணுங்க, இங்கதான்"னு அக்கா ரெண்டு தடவை சொன்னாங்க. காதுலயே வாங்கல. எக்ஸிட் போயிடுச்சு, வேன் எங்கேயோ போயி ஜாம்ல மாட்டிக்கிச்சு. "நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்லா"ன்னு ஆரம்பிச்சார். கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்: "சரி விடு, மன்னிச்சுட்டேன்."

கோயிலுக்குக் கீழ செருப்பைக் கழட்டும்போது அக்கா என் காதுகிட்ட வந்து மெதுவா சொன்னாங்க. "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் என்னை மன்னிச்சுக்கிட்டே இருக்காரும்மா." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

இப்ப என் கதைக்கு வரேன்.

கிள்ளான்ல ஒரு மால். நடுவுல பெரிய குத்துவிளக்கு, சுத்தி மயில். விளக்கோட சுடருக்கு மஞ்சள் பத்தாமப் போச்சு. லிட்டில் இந்தியா கடைத்தெரு பக்கத்துலதான், ஒரு நடை போயி மஞ்சப் பவுடர் வாங்கிட்டு வந்துடலாம்னு நான் செருப்பைத் தேடினேன். மாஸ்டர் நிறுத்தினார். "எதுக்கு அலையறே? சிவப்பும் பச்சையும் கிடக்கு பாரு. ரெண்டையும் கலந்து ஊத்து. மஞ்சள் வந்துடும்."

"மாஸ்டர், அது மஞ்சள் வராது. சாணிக் கலர்தான் வரும்"னேன்.

டேப்லெட்டை என் மூக்குக்கு நேரா நீட்டினார். கலர் தேர்ந்தெடுக்கிற எடத்துல மூணு கோடு இருக்கும்ல, சிவப்பு, பச்சை, நீலம்னு. சிவப்பை முழுசா ஏத்தினார், பச்சையை முழுசா ஏத்தினார், நீலத்தை அடியோட இறக்கினார். ஸ்கிரீன் பூரா பளீர்னு மஞ்சள். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நான் மாஸ்டரா, நீ மாஸ்டரா?"

அவர் காட்டினது பொய்யில்ல. அதுதான் கொடுமை. ஸ்கிரீன்ல சிவப்பும் பச்சையும் சேர்ந்தா மஞ்சள்தான். ஆனா ஸ்கிரீன் தானா எரியுது. இருட்டுல சிவப்பு வெளிச்சம் ஒண்ணு, அது மேல பச்சை வெளிச்சம் ஒண்ணு, சேரச் சேர வெளிச்சம் கூடிக்கிட்டே போகும். நீலமும் சேர்ந்துட்டா வெள்ளை. அரிசி எரியுமா? அது மேல விழற வெளிச்சத்துல சாயம் பாதியைத் தின்னுட்டு மிச்சத்தைத்தான் நம்ம கண்ணுக்குத் தருது. சிவப்புச் சாயம் ஒரு பக்கம் தின்னும், பச்சைச் சாயம் இன்னொரு பக்கம் தின்னும், ரெண்டும் சேர்ந்தா கண்ணுக்கு மிஞ்சறது அழுக்குதான். அதனாலதான் பள்ளிக்கூடத்துல பெயிண்டுக்கு அடிப்படைக் கலர் சிவப்பு, நீலம், மஞ்சள்னு சொல்லிக் குடுத்தாங்க. எங்க கடை பிரிண்டர்ல வானநீலம், ரோஸ், மஞ்சள்னு இருக்கும். ரெண்டுலயும் மஞ்சள் தனியாத்தான் நிக்கும், சாயத்துல அதை யாராலயும் கலந்து செய்ய முடியாது. கடைக்கு வரவங்க ஃபோனைக் காட்டி, "இதே பச்சை வேணும், இப்படியே மின்னணும்"னு கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்றது. "அக்கா, ஃபோன் எரியுது. பேப்பர் எரியாது."

மாஸ்டர்கிட்டயும் சொல்லிப் பாத்தேன். கத்தினார். எல்லாரும் பாக்கறாங்கன்னு வாயை மூடிக்கிட்டு அவர் சொன்ன அளவு, சொன்ன மாதிரி கலந்தேன். பேசின் பூரா சாணி. அந்த நேரம் பாத்து மாலோட ஈவண்ட் மேனேஜர், ஒரு மலாய்க்கார அம்மா, புவான்னுதான் மரியாதையாக் கூப்பிடுவோம், அங்க வந்து நின்னாங்க. பேசினைப் பாத்தாங்க, மூக்கைச் சுளிச்சாங்க.

மாஸ்டர் கண்ணு ஒரு தடவைகூட இமைக்கல. "இந்தப் பொண்ணு கலந்தது, புவான். கலர் சரியாத் தெரியாது. கண்ணுல ஏதோ கோளாறு போல. நம்ம பொண்ணுதானேன்னு வெச்சிருக்கேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, அந்தச் சாந்த முகத்தோட, "பரவால்லம்மா, மன்னிச்சுட்டேன்."

கோலத்துப் பக்கத்துல வெச்ச போர்டுல வண்ணம்னு போட்டு என் பேரு இருந்துச்சு. போறதுக்குள்ள அது மேல டேப் ஒட்டிட்டார்.

அதோட போயிருந்தா தொலையுதுன்னு விட்டிருப்பேன். கிள்ளான்ல ஒரு பேச்சு கிளம்பினா நிக்குமா? கோயில்ல எங்கம்மாவை நிறுத்தி, "உங்க மகளுக்குக் கலர் தெரியாதாமே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"ன்னு கேட்டாங்க. கடைக்கு வந்த ஒரு ஆன்டி, மகள் கல்யாணப் பத்திரிகையை என்கிட்டேர்ந்து வாங்கி, "நீங்க வேணாம்மா, வேற ஆள் யாராச்சும் பாக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. டிசைனருக்குக் கண்ணு சரியில்லன்னு பேரு வந்துட்டா அப்புறம் என்ன இருக்கு? கண்ணு டெஸ்ட் பண்ணிக் காட்டலாம். யார்கிட்டன்னு போயிக் காட்டறது? கடை பின்னால போயி நின்னு அழுதேன். அழுது முடிச்சதும், அடோய் இரு, உன்னை விடறதில்லன்னு வாய்விட்டே சொன்னேன்.

வருஷம் பூரா யோசிச்சேன். மாஸ்டர் ஒரு நாளும் தப்புப் பண்ணினதா நம்பினதே இல்ல. அந்தச் சாணிக் கலர் என் கையால வந்ததுன்னுதான் இன்னமும் மனசார நம்பிக்கிட்டு இருக்கார். அப்படின்னா சிவப்பும் பச்சையும் சேர்ந்தா மஞ்சள்னும் இன்னமும் நம்பறார். அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

அடுத்த தீபாவளிக்குக் கூட்டம் சேரும்போது ஒரு டப்பா முறுக்கோட அவர் வீட்டுக்குப் போனேன். "மாஸ்டர், போன வருஷம் நான்தான் சொதப்பிட்டேன். மறுபடி சேத்துக்கோங்க."

முறுக்கை வாங்கிக்கிட்டார். "நான் அப்பவே மன்னிச்சுட்டேனேம்மா"ன்னார். பின்னால நின்ன அக்கா என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

"ஆனா மாஸ்டர், நீங்க சொன்னது நிஜம்தான். இப்பத்தான் கண்ணால பாத்தேன்"னு சொல்லி டேப்லெட்டைக் கேட்டேன். ஸ்கிரீன் பூரா மஞ்சள் வரவெச்சேன். டம்ளர்ல விரலை நனைச்சு ஒரே ஒரு சொட்டுத் தண்ணி அது மேல வெச்சேன். "கண்ணைக் கிட்ட கொண்டாந்து அந்தச் சொட்டுக்குள்ள பாருங்க."

குனிஞ்சு பாத்தார். தண்ணிச் சொட்டு பூதக்கண்ணாடி மாதிரி பெருசாக் காட்டும். உள்ள மஞ்சளே கிடையாது. பொடிப் பொடியாச் சிவப்பு, பொடிப் பொடியாப் பச்சை, அவ்வளவுதான். அந்தப் புள்ளிங்க ரொம்பச் சின்னது, நம்ம கண்ணு அதைப் பிரிச்சுப் பாக்க முடியாம மஞ்சள்னு எடுத்துக்குது.

மாஸ்டர் நிமிர்ந்தப்ப முகம் ஜொலிச்சுது. "நான் சொல்லல? நான் சொல்லல?" சம்சாரத்தைக் கூப்பிட்டார், "இங்க வந்து பாருடி!" அக்கா வந்து பாத்தாங்க.

"இதை எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டினீங்கன்னா எப்படி இருக்கும் மாஸ்டர்? திறப்பு விழா அன்னைக்கு. மஞ்சப் பவுடரே தொடாம மஞ்சள்!"

நான் ஒரு பொய்கூடச் சொல்லல பாத்துக்கோங்க. முறுக்கு குடுக்கும்போது சொன்னதைத் தவிர.

அந்த வருஷத்துக்கான போர்டை அடிக்க எங்க கடைக்கே வந்தார். வடிவமைப்பு, வண்ணம், மேற்பார்வை, எல்லாத்துக்கும் அவர் பேரு மட்டும். "உன் பேரு இப்ப வேணாம்மா, போன வருஷம் அப்படி ஆனதால. தப்பா எடுத்துக்காதே"ன்னார். "அய்யோ, இதுல என்ன மாஸ்டர்"னு சொல்லி அவர் பேரை அவர் கேட்டதைவிடப் பெருசாவே போட்டுக் குடுத்தேன். தூரத்துலேர்ந்தே படிக்கிற மாதிரி.

மஞ்சள் அரிசியை நான் முன்னாடியே தயார் பண்ணிட்டேன். கிள்ளான் வீட்டு மாடியில காயவெச்சு ஒரு மூட்டை. கோபம் இருந்தாலும் புத்தி இருக்கணும்ல, கோலம் நாசமாப் போகக் கூடாதேன்னு. விழா அன்னைக்கு அதை இறக்கலாமா வேணாமான்னு காருக்குப் பின்னால நின்னு குழம்பிக்கிட்டு இருந்தேன். கார் பூட் கதவு திறந்திருக்கு. அக்கா எங்கேர்ந்தோ வந்தாங்க. மூட்டையைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. ரெண்டு கையாலயும் அந்தக் கதவை அடிச்சு மூடினாங்க.

"வண்டியிலயே இருக்கட்டும்மா."

அப்படியே நடந்து போயிட்டாங்க.

அதே மால்ல நல்ல கூட்டம். டத்தோ பட்டம் வாங்கின ஒரு பெரிய மனுஷர் வந்திருந்தார், மேல் மாடிக் கம்பி பூரா ஆளுங்க, எல்லார் கையிலயும் ஃபோன். கோலம் முடிஞ்சு சுடர் மட்டும் வெள்ளையா காத்துக்கிட்டு இருந்துச்சு. மாஸ்டர் மைக்கைச் சட்டையில குத்திக்கிட்டார். புதுசா ஒரு வெள்ளை ஜிப்பா. தண்ணிச் சொட்டுக் கதையை அவரே கண்டுபிடிச்ச மாதிரி சொன்னார். "இன்னைக்கு உங்க கண்ணு முன்னாடி, என் சொந்தக் கையால"ன்னு சொல்லி, நான் கூட்டத்துல சேர்ந்த நாளா முதல் தடவையா, சட்டைக் கையை மடிச்சுவிட்டு வெள்ளை அரிசிக்குள்ள கையை விட்டார்.

சிவப்புச் சாயம் எடுத்துக் குடுத்தது நான். பச்சைச் சாயம் எடுத்துக் குடுத்தது அக்கா. சுத்தி நின்ன எங்க கோலக் கூட்டத்து ஆன்டிங்க அத்தனை பேருக்கும் என்ன வரும்னு தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அவங்களையும்தானே மன்னிச்சிருக்கார்.

பிசைஞ்சார். கலர் இறங்கிச்சு. இன்னும் கொஞ்சம் பச்சை கேட்டார், அக்கா குடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் சிவப்பு, நான் குடுத்தேன். பிசையப் பிசைய மாட்டுச் சாணி. மைக் வேற சட்டையில குத்தியிருக்கு, அவர் மூச்சு வாங்கறது மால் பூரா கேக்குது. மேல ஒரு பொடிசு, "அம்மா, அந்த அங்கிள் ஏன் சேறு பண்றாரு?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான், மாடிக்கு மாடி சிரிப்பு.

புவான் கிட்ட வந்தாங்க. "இனி வர்ணா அபா?" இது என்ன கலர்னு கேட்டாங்க.

மாஸ்டர் நிமிர்ந்தார். முழங்கை வரைக்கும் சாணி, ஜிப்பாவுல தெறிச்சு மாரெல்லாம் சாணி. பழக்க தோஷம், விரல் தானா என் பக்கம் நீண்டுச்சு. "இந்தப் பொண்ணுதான்..."

"நீங்கதானே கலந்தீங்க"ன்னாங்க புவான். விரல் அப்படியே நின்னுச்சு. மேலேர்ந்து அத்தனை ஃபோனும் அந்த விரலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

புவான் என்கிட்ட திரும்பினாங்க. "மஞ்சள் இருக்கா? உன்னால சரி பண்ண முடியுமா?"

போன வருஷம் எனக்குக் கண்ணு கோளாறுன்னு கேட்டுட்டுப் போன அதே புவான். இப்ப என்கிட்ட கலர் கேக்கறாங்க. என் வாழ்க்கையில அவ்வளவு இனிப்பான ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்ல. நான் மலாய்ல ரொம்ப மரியாதையாச் சொன்னேன். "போர்டுல வண்ணம்னு அவர் பேருதானே புவான் போட்டிருக்கு. அவரைத்தான் கேக்கணும்."

மாஸ்டர் பக்கமும் திரும்பினேன். "ஸ்கிரீன்ல பாத்தோமே மாஸ்டர். கரெக்டாத்தானே இருந்துச்சு?"

டத்தோவுக்கு நேரமாச்சுன்னு சாணிக் கலர்லயே சுடரை நிறைச்சு விழாவை முடிச்சாங்க. மயில் அவ்வளவு அழகு, தாமரை அவ்வளவு அழகு, நடுவுல ஒரு சாணி உருண்டை. அது தீபாவளி முடியற வரைக்கும் அங்கேயே கிடந்துச்சு, பக்கத்துல அவர் பேரு பெருசா. அந்த வீடியோ கிள்ளானைத் தாண்டி பந்திங் வரைக்கும் போச்சு. கோயில்ல எங்கம்மாவை மறுபடி நிறுத்தினாங்களாம். "அப்ப போன வருஷமும் அவர்தானா?"ன்னு கேட்டாங்களாம். பத்திரிகையை வாங்கிட்டுப் போன அந்த ஆன்டி, ரெண்டாவது மகளுக்கு என்கிட்டயே வந்தாங்க.

தீபாவளி காலையில அந்த மூட்டையைப் பிரிச்சேன். எங்க வீட்டு வாசல்ல பெருசா ஒரு குத்துவிளக்கு போட்டு, சுடர் பூரா மஞ்சள். வெயில் பட்டு அப்படியே எரிஞ்சுது. ஃபோட்டோ எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினேன். "ஹேப்பி தீபாவளி மாஸ்டர். ஸ்கிரீன்ல மஞ்சளாத் தெரியுதா?"

முதல்ல அக்காகிட்டேர்ந்துதான் மெசேஜ் வந்துச்சு. "அன்னையிலேர்ந்து வீட்டுல பேச்சே இல்லம்மா. என்னை மன்னிக்கக்கூட இல்ல. நிம்மதியா பலகாரம் சுட்டேன்." படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அம்மா கொண்டாந்த காப்பியைக் குடிக்கும்போது வாட்ஸப்புல மாஸ்டர் பேருக்குக் கீழ ரெண்டு டிக்கும் நீலமாச்சு. டைப் பண்றார், நிறுத்தறார், மறுபடி டைப் பண்றார். மன்னிப்புக் கேக்கப் போறார்னு நெனைச்சேன். சத்தியமா நெனைச்சேன். என்ன பதில் போடலாம்னுகூட யோசிச்சு வெச்சுட்டேன்.

வந்துச்சு.

"ஹேப்பி தீபாவளிம்மா. நீ குடுத்த சிவப்பு சரியில்ல. பரவால்ல, மன்னிச்சுட்டேன்."

நான் அவரை மன்னிக்கல. அடுத்த தீபாவளிக்கும் மஞ்சள் என் வண்டியிலதான் இருக்கும்.